வாசகர் கேள்வி-பதில்: தான்யேல் வாரோ யாரிடம் பாட்டுக் கற்றார்?

சென்ற இதழில், நம் மொரிஷியஸுக்கு அடுத்த தீவான ரியூனியனின் மலோயா இசையைப் பற்றிய குறிப்பில் தான்யேல் வாரோவின் பெயரை ஒரே வரியில் சொல்லிச் சென்றிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

அடுத்த தீவின் பாடகர் ஒருவரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்குமே தெரியவில்லை. வாரோ யார்? அவர் வெள்ளையர் என்று என் தங்கை சொல்கிறாள். அடிமைகளின் பாட்டு என்று நீங்களே எழுதிய மலோயாவை ஒரு வெள்ளையர் பாடுவது எப்படிப் பொருந்தும்?
ஒரு வாசகி, ரோஸ் ஹில்

உங்கள் தங்கை சொன்னது உண்மை. ஆனால் வெள்ளையர் என்றதும் நம் மனத்தில் எழும் தோட்ட முதலாளியின் உருவம் வாரோவுக்குப் பொருந்தாது. கடலோரச் சமவெளியின் நல்ல நிலமெல்லாம் பெருந்தோட்டக்காரர்கள் கைக்குப் போன பிறகு, மலைச்சரிவுகளில் ஏறிச் சென்று சிறு துண்டு நிலங்களில் பயிரிட்டுப் பிழைத்த ஏழை வெள்ளைக் குடும்பங்கள் ரியூனியனில் பல தலைமுறைகளாக உண்டு. தீவின் தெற்கே, லெ தாம்போன் என்ற ஊரில், 1955ஆம் ஆண்டு அப்படியொரு கரும்பு விவசாயியின் வீட்டில் பிறந்தவர் வாரோ. தந்தை கம்யூனிஸ்ட், பிள்ளைகள் வயலில் இறங்கி வேலை செய்தே ஆக வேண்டிய வீடு. ஓவாரோ என்று ஒலிக்கும், பிரெஞ்சு முறையில் நீளமாக எழுதப்படும் குடும்பப் பெயரைப் பிற்காலத்தில் தீவின் பேச்சுமொழியான கிரியோலின் ஒலிப்படி Waro என்று நான்கே எழுத்தில் எழுதிக்கொண்டார்.

ரியூனியன் 1946இல் பிரான்ஸின் மாவட்டங்களுள் ஒன்றாக ஆக்கப்பட்டது. பள்ளியும் அரசு அலுவலகமும் வானொலியும் பிரெஞ்சு பேசின. வீடும் வயலும் கிரியோல் பேசின. படித்து மேலே வர விரும்பும் பிள்ளை கிரியோலை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அந்நாளைய எண்ணம். அந்தச் சூழலில் வளர்ந்த வாரோவின் மனத்தில் முதலில் இடம் பிடித்த பாட்டுக்காரர், பிரெஞ்சு மொழியின் ஜோர்ஜ் பிராசான்ஸ். ஒரு கிதாரும் ஒரு குரலும் மட்டும் வைத்துக்கொண்டு, அதிகாரத்தையும் போலி ஒழுக்கத்தையும் நுட்பமான செய்யுளில் கேலி செய்தவர் அவர். வாரோவின் வரிகளில் இன்று நாம் காணும் சொற்சிக்கனத்திலும் குறும்பிலும் அந்தப் பழைய ஈடுபாட்டின் தடம் இருக்கிறது என்பது என் கருத்து. மலோயாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுவார்கள். மண்ணின் மைந்தர் ஒருவருக்குப் பாரிஸ் நகரப் பாடகர் ஆசானாக இருந்தார் என்பது கதைக்கு அழகில்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ!

மலோயா அவரை வந்தடைந்தது 1970 வாக்கில், கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டம் ஒன்றில். அங்கே மலோயாப் பாடகர் ஃபிர்மேன் விரி பாடினார். தன் தீவில், தன் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலேயே இப்படியொரு பாட்டு இருந்திருக்கிறது, அது இத்தனை ஆண்டும் தன் காதில் விழாதபடி வளர்க்கப்பட்டிருக்கிறோம் என்பதை அந்தப் பதினைந்து வயதுப் பையன் அன்று தெரிந்துகொண்டான். வானொலி அதை ஒலிபரப்பவில்லை. தேவாலயம் அதை விரும்பவில்லை. இரவில் மேளச் சத்தம் கேட்டால் காவலர் வந்து கலைத்ததும் உண்டு.

பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் வாரோ மலோயாவை எடுத்துக்கொண்டுபோய் வேறொரு மேடையில் விற்றவர் அல்லர். அதைப் பாடியவர்களின் முற்றத்தில் போய் உட்கார்ந்து, பின்பாட்டுக்காரராகத் தொடங்கி, அவர்கள் கருவிகளைச் செய்யக் கற்று, அவர்கள் அரசியலின் விலையையும் சேர்த்துக் கொடுத்தவர். அவரை ஏற்றுக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் விரி போன்ற பெரியவர்கள். அவர்கள் முடிவு செய்து அரை நூற்றாண்டு ஆகிறது.

நம் கர்நாடக இசையில் குருகுலவாசம் இருந்ததுபோல மலோயாவிலும் குரு-சீடர் முறை உண்டா? ஃபிர்மேன் விரியை வாரோவின் குரு என்று சொல்லலாமா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், போர்ட் லூயி

சொல்லலாம் ஐயா, ஆனால் பாடம், பயிற்சி, அரங்கேற்றம் என்ற வரிசை அங்கே கிடையாது. விரி 1935இல் பிறந்த கரும்புத் தொழிலாளி. சேன்-பியேர் நகருக்கு அருகில் லின் பராதி என்ற இடத்தில் அவருடைய வீடு. ரியூனியனில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட நாள் 1848 டிசம்பர் 20. ஏறத்தாழ 62,000 பேர் அன்று விடுதலை பெற்றார்கள். அந்த நாளை நினைவுகூர்வதையே ஆட்சியாளர்கள் விரும்பாத காலத்தில், விரியின் வீட்டு முற்றம் டிசம்பர் 20ஐ மலோயாவோடு கொண்டாடிய இடங்களுள் ஒன்றாக இருந்தது. வாரோ கற்றது அத்தகைய முற்றங்களில்தான்.

அதற்கும் பின்னால் போனால் 'சர்விஸ் கபாரே' என்ற சடங்கு இருக்கிறது. மறைந்த முன்னோரை அழைத்து, அவர்களுக்கு உணவு படைத்து, இரவு முழுவதும் பாடி ஆடி விடியலில் முடிக்கும் குடும்பச் சடங்கு அது. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தது. அங்கே பாட்டு என்பது சடங்கின் வேலை. முன்பாட்டுக்காரர் ஒரு வரியைத் தனிக்குரலில் எடுப்பார். சுற்றியிருப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அதன் பிறகுதான் மேளம் உள்ளே வரும். இந்த அமைப்பை வாரோ தம் பாட்டுகளில் ஏறக்குறைய மாற்றாமல் வைத்திருக்கிறார். அவருடைய பதிவுகளில் முதல் சில நொடிகளுக்குத் துணையே இல்லாமல், உச்சத்தில் கொஞ்சம் கரகரத்துக்கொண்டு ஒரு குரல் மட்டும் ஒலிப்பதைக் கேட்டு, ஒலிப்பெட்டியில் ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டாம்.

விரி ஒருவரை மட்டும் குருவாகச் சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம். லோ ர்வா காஃப், கிரான்மூன் லேலே முதலிய முதியவர்களும் அந்தத் தலைமுறைக்கு ஆசான்கள். லேலேயைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மலோயா பாடியதற்காகவே வாரோவைச் சிறையில் அடைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
காத்ர் போர்ன் வாசகர்

இல்லை. அவர் சிறை சென்றது பிரெஞ்சு இராணுவத்தில் கட்டாயச் சேவை செய்ய மறுத்ததற்காக. 1976 முதல் 1978 வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பிரான்ஸில் ரென் நகரச் சிறையில் இருந்தார். அங்கேதான் அவர் எழுத்தாளர் ஆனார் என்று சொல்லலாம். பிரெஞ்சு மட்டுமே ஒலிக்கும் சுவர்களுக்குள் உட்கார்ந்து கிரியோலில் கவிதை எழுதினார். அவை 1978இல் நூலாகவும் வந்தன. பிற்காலத்துப் பாட்டுகளின் சொல்வளம் பெரும்பாலும் அந்தத் தனிமையில் தோண்டியெடுத்ததே. வயலிலும் சமையலறையிலும் முதியவர்கள் வாயிலும் கேட்டு மறந்த சொற்களை அவர் வரிசைப்படுத்திக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு பிரெஞ்சில் பாடுவதே இல்லை என்ற முடிவில் நின்றார், இன்றுவரை நிற்கிறார்.

மலோயா சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். சட்டம் எப்படி இருந்தாலும், அந்தக் காலத்து நெருக்கடி உண்மையானது. தீவின் தன்னாட்சி கேட்டுவந்த கம்யூனிஸ்ட் கட்சி மலோயாவைத் தன் மேடைக்குக் கொண்டுவந்தது. அதனாலேயே அரசு அந்த இசையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. பிரான்ஸின் முன்னாள் பிரதமர் மிஷேல் டெப்ரே 1963 முதல் ரியூனியனின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து தன்னாட்சிக் கோரிக்கையை எதிர்த்தார். இருந்தும் அந்த நெருக்கடிக்கு நடுவிலேயே, 1976இல், அதே கட்சியின் முயற்சியால் விரியின் குரல் இசைத்தட்டில் ஏறியது. 1981இல் பாரிஸில் ஆட்சி மாறி, தனியார் வானொலிகளுக்கு வழி பிறந்த பிறகு, மலோயா வெளிப்படையாக ஒலிக்கத் தொடங்கியது.

எங்கள் முன்னோர் காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புக்கு வந்தவர்கள். எங்கள் கோயிலில் இன்றும் நெருப்பில் காய்ச்சிய மேளம் அடிக்கிறோம், தீமிதிக்கிறோம். மலோயாவே தமிழர் கொடுத்த இசைதான் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். வாரோவின் இசையில் தமிழின் பங்கு எவ்வளவு?
சேன்-ஆந்த்ரே வாசகர், ரியூனியன்

அப்படிச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கடல் கடந்த ஊர்களில் நல்லது எதைக் கண்டாலும் அதன் அடியில் நம் பெயரை எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு: நம் பெயர் பல இடங்களில் அழிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் குறையை இன்னொருவர் பெயரை அழித்துத் தீர்த்துக்கொள்ளக் கூடாது. 1848க்குப் பின் பாண்டிச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைகளிலிருந்து நம்மவர்கள் பெருந்தொகையாகக் கப்பல் ஏறி ரியூனியனுக்கு வந்து சேர்ந்தார்கள். முதன்மையாக ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வழியில் வந்த அடிமைகளின் பாட்டும் ஆட்டமும் அதற்கு முன்பே அங்கே இருந்தன. கருவிகளைப் பாருங்கள். பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து அடிக்கும் ரூலேர். விதைகள் அடைத்த தட்டையான காயாம்ப். சுரைக்குடுவை கட்டிய வில் வடிவக் கம்பிக்கருவியான போப். இவற்றின் உறவினர்கள் மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள்.

இதைச் சொன்ன பிறகு, நம் பங்கைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். தோட்டக் குடியிருப்பில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. ஒரு பக்கத்தில் முன்னோருக்கான சர்விஸ் கபாரே, மறுபக்கத்தில் காளிக்கும் மாரியம்மனுக்கும் பூசை, விடியவிடியக் கூத்து. இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளை, இது என்னுடையது, அது அவனுடையது என்று காதைப் பிரித்து வைத்திருக்க முடியாது. இதற்கு முழுமையான சான்று கிரான்மூன் லேலே. 1930இல் பிறந்து 2004இல் மறைந்த அவரது இயற்பெயர் ஜூலியேன் ஃபிலேயாஸ். தந்தை இந்திய வழி, தாய் மடகாஸ்கர் வழி. சர்க்கரை ஆலைத் தொழிலாளியாக உழைத்தவர். தம் மனைவி மக்களையே குழுவாக வைத்துக்கொண்டு பாடியவர். இரு வழிபாடுகளும் அவர் வாழ்வில் இருந்தன, இரண்டின் தாளமும் அவர் கையில் இருந்தது. அவருடைய முதல் இசைத்தட்டு 1993இல், அவருக்கு அறுபது வயது கடந்த பிறகுதான் வந்தது. ஐரோப்பிய மேடைகளில் அவர் பாடியபோது கேட்டவர்கள் அதை ஆப்பிரிக்க இசை என்று எண்ணிக் கேட்டார்கள். உங்கள் ஊர்க்காரர் கேட்டால் தம் கோயில் மேளத்தின் நடையையும் அதில் அடையாளம் கண்டிருப்பார்.

இன்னொருவர் ஜில்பேர் பூனியா. இந்திய வழியில் வந்த இவர், 1979இல் தொடங்கிய ஜிஸ்காக்கான் குழுவின் முதன்மைக் குரல். கிரியோல் கவிஞர்கள் பலரின் வரிகளுக்கு இசையமைத்த அந்தக் குழுவைச் சுற்றி இருந்தவர்களுள் கர்ப்பானேன் மாரிமுத்துவும் ஒருவர். அந்தப் பெயரில் உள்ள மாரிமுத்துவைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மலோயாவோடு தபலாவும் சிதாரும் ஜிஸ்காக்கான் வழியே சேர்ந்தன.

வாரோவின் இசையில் தபலாவைத் தேடாதீர்கள். அவர் பெரும்பாலும் பழைய கருவிகளோடு நிற்பவர். நம் பங்கு அங்கே வேறு வடிவில் வருகிறது. 1994இல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயர் 'பத்தார்சிதே'. அதே பெயர் கொண்ட பாட்டு அதில் உண்டு. நான் வெள்ளையும் அல்ல, கறுப்பும் அல்ல; ஆப்பிரிக்க வழியினர், மலைநாட்டு ஏழை வெள்ளையர், மலபார் என்று அங்கே அழைக்கப்படும் தமிழ் வழியினர் எல்லோரும் முறுக்கிக்கொண்ட கயிறாகிய கலப்பினத்தவன் நான் என்று அதில் அறிவிக்கிறார். 'பத்தார்', அதாவது கலப்பில் பிறந்தவன், என்று இழிசொல்லாக வீசப்பட்ட ஒன்றை நிமிர்ந்து நின்று தம் குலப்பெயராகச் சூடிக்கொண்ட பாட்டு அது. ரோஸ் ஹில் வாசகியின் கேள்விக்கு வாரோ தாமே தந்த பதிலும் அதுவே எனலாம். அந்தப் பாட்டில் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை.

சுயாதீனப் பாடகர் என்று எழுதியிருந்தீர்கள். பெரிய நிறுவனத்தில் சேராமல் ஒரு பாடகர் இத்தனை ஆண்டு எப்படிப் பிழைக்க முடியும்?
வாக்குவா வாசகர்

கையால். வாரோ இசைக்கருவி செய்யும் தொழிலாளர். காயாம்ப், ரூலேர், போப் ஆகியவற்றைத் தாமே செய்கிறார். அவர் கையால் ஆன கருவிகளைத் தீவின் மற்ற இசைக்குழுக்களும் வாசிக்கின்றன. பாட்டை மட்டும் நம்பி வாழ வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்குப் பாட்டை விற்க வேண்டிய அவசரமும் இல்லை. முதல் ஒலிநாடா 'காஃபூர்ன்' 1987இல் வந்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்குள் அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மலோயாவில் ஊறியிருந்தார். அடுத்த இசைத்தட்டுக்கு ஏழு ஆண்டு. அதன் பிறகு 1999, 2002, 2006, 2010 என்று மெதுவாகவே வந்தன. இன்றைய பாடகர்கள் மாதம் ஒரு பாட்டை வலையேற்றாவிட்டால் மறக்கப்பட்டுவிடுவோம் என்று பதறுகிறார்கள். வாரோவை யாரும் மறக்கவில்லை.

வெளியுலகம் அவரைத் தேடிவந்தது பிந்தித்தான். 2009இல் யுனெஸ்கோ மலோயாவை மனிதகுலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு மறு ஆண்டே வோமெக்ஸ் என்ற உலக இசைச் சந்தை அவருக்குக் கலைஞர் விருது வழங்கியது. கோர்சிகா தீவின் பன்குரல் பாடகர் குழுவான ஆ ஃபிலெத்தாவோடு சேர்ந்து பாடினார். பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்ட இரண்டு தீவுகளின் மக்கள், இருவருமே பாரிஸ் மதிக்காத மொழிகளில் பாடுகிறவர்கள், ஒருவர் குரலை மற்றவர் அடையாளம் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. சுயாதீனம் என்றால் உதவியே இல்லாமல் நிற்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். கட்சி மேடை, சிறு வெளியீட்டகங்கள், ஊர் விழாக்கள், பின்பாட்டுப் பாட வரும் நண்பர்கள் எல்லாம் சேர்ந்துதான் அவரைத் தாங்கின. எதைப் பாடுவது, எந்த மொழியில் பாடுவது, எப்போது வெளியிடுவது என்ற மூன்றையும் அவர் பிறர் கையில் கொடுக்கவில்லை.

நம் மொரிஷியஸில் இப்படி யாரும் இல்லையா?
போ பாசேன் வாசகி

இருக்கிறார்கள், இருந்தார்கள். 1960இல் ரோஷ் புவாவில் பிறந்த கயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவின் ரெகேயை நம் தீவின் மரபிசையான சேகாவோடு இணைத்து 'செகே' என்ற வடிவத்துக்கு உரு கொடுத்தவர். பாப் மார்லி அவர்மீது கொண்ட ஆதிக்கம் வெளிப்படையானது. புனைபெயரே மார்லியின் இசைத்தட்டு ஒன்றின் பெயர்தான். 1999 பிப்ரவரியில் காவலில் இருந்தபோது அவர் இறந்ததும், அதைத் தொடர்ந்து தீவே கொந்தளித்ததும் நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ராவான் மேளத்தை மையமாக வைத்துப் பாடல் கட்டிய மென்வார் இன்னொருவர். அவர்களுக்கும் முன்னால், 1900இல் பிறந்த சேகாப் பாடகர் தி ஃப்ரேர். நம் சேகாவும் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடப்படும் சேகாவைக் கேட்டுவிட்டு அதுதான் சேகா என்று முடிவு செய்பவர்கள் நம்மிலேயே பலர் இருக்கிறார்கள். ரியூனியனில் மலோயா அந்தச் சிக்கலில் பிந்தித்தான் மாட்டியது. பல காலம் அதை யாரும் சுற்றுலாவுக்குக் காட்ட விரும்பவில்லை என்பது அதற்கு வாய்த்த நன்மை.

எனக்கு வயது பத்தொன்பது. கிதார் வாசித்துத் தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறேன். வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் பள்ளியிலும் கோயிலிலும் கற்றது. "சினிமாப் பாட்டுப் பாடு, இல்லாவிட்டால் கிரியோலில் பாடு, உன் தமிழ்ப் பாட்டை யார் கேட்பார்?" என்கிறார்கள் நண்பர்கள். வாரோவிடமிருந்து நான் எதைக் கற்கலாம்?
கியூர்பிப் வாசகர்

தம்பி, முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வாரோ தேர்ந்துகொண்டது தாம் வீட்டில் பேசிய மொழியை. உங்கள் நிலை தலைகீழாக இருக்கிறது: தமிழ் உங்களுக்கு முன்னோர் மொழி, பேச்சு கிரியோல். எனவே வாரோவைக் காட்டி "தாய்மொழியில் பாடு" என்று உங்களுக்கு அறிவுரை சொல்வது நேர்மையாக இராது. இரண்டிலும் எழுதுங்கள். பள்ளிப் பாடநூலின் தமிழில் எழுதாதீர்கள். உங்கள் பாட்டியும் கோயிலில் காவடி எடுக்கும் பெரியவர்களும் சொல்லும் சொற்கள், நம் தீவில் மட்டும் புழங்கும் உச்சரிப்பு, கிரியோலோடு கலந்த பேச்சு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாரோ சிறையில் செய்தது ஏறத்தாழ இந்த வேலைதான்.

இனி இசை. மலோயாவின் தாளம் மேற்கத்திய முறையில் எட்டுக்கு ஆறு என்று எழுதப்படும். நம் கணக்கில் சொன்னால் தகிட தகிட என்று மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடைக்கு மிக நெருக்கம். தைப்பூசக் காவடியின்போது நீங்கள் கேட்கும் காவடிச் சிந்து மெட்டும் அந்த நடையில் வருவதே. ஆகவே காயாம்பின் ஓட்டத்தின் மேல் ஒரு சிந்தை வைத்துப் பாடிப் பாருங்கள். சொற்கள் தாமாகவே உட்காரும். கிதாரைச் சிறிது காலம் சுவரில் மாட்டிவைத்துவிட்டு, கைத்தாளத்தோடு மட்டும் எழுதிப் பார்ப்பதும் நல்லது. கிதாரின் சுருதிக்கோவைகள் நம்மைப் பழக்கப்பட்ட மெட்டுக்கே இழுத்துச் செல்லும். தாளம் மட்டும் இருந்தால் மெட்டைச் சொல்லே தேடிக்கொள்ளும்.

வரியின் நீளத்தையும் கவனியுங்கள். முன்பாட்டு வரியை ஒரு முறை கேட்டதும் கூட்டம் திருப்பிப் பாட வேண்டும். எனவே அது ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும். அணிகளை அடுக்கினால் பின்பாட்டுக்காரர் திணறுவார். உங்கள் பாட்டை யார் கேட்பார் என்று கவலைப்படும் நண்பர்களையே பின்பாட்டுக்கு உட்கார வையுங்கள். தெம்மாங்கிலும் வில்லுப்பாட்டிலும் நம்மவர் செய்ததும் இதுதான்.

காயாம்ப்பை வீட்டிலேயே செய்ய முடியுமா? நம் மராவானும் அதுவும் ஒன்றா?
குட்லாண்ட்ஸ் வாசகர்

அமைப்பில் இரண்டும் மிக நெருங்கிய உறவு. ஒரு செவ்வக மரச்சட்டம். கரும்பு பூத்த பிறகு அந்தப் பூந்தண்டுகளை வெட்டி, உலர்த்தி, சட்டத்தின் இரு பக்கமும் நெருக்கமாக அடுக்கிக் கட்ட வேண்டும். இரு அடுக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கல்வாழை விதைகள் போன்ற உருண்டையான, கடினமான விதைகளைப் போட வேண்டும். விதை மிகுந்தால் ஒலி மந்தமாகும், குறைந்தால் சிதறும். அதைக் காதால்தான் முடிவு செய்ய முடியும். தண்டு நன்றாக உலராவிட்டால் சுருங்கிக் கட்டு தளர்ந்து விதை கொட்டும். இரு கைகளாலும் கிடைமட்டமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி வாசிப்பார்கள், குலுக்குவதில்லை. மும்மூன்றாக நடக்கும் ஓட்டத்தைக் கை விடாமல் வைத்திருப்பதுதான் கடினம், முதல் நாளிலேயே தோள் வலிக்கும்.

எந்த இசைத்தட்டிலிருந்து கேட்கத் தொடங்குவது?
பலர்

'பத்தார்சிதே'யிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1999இல் வந்த 'ஃபூத்தான் ஃபோன்கேர்'. 2010இன் 'ஆவூ அமுவேன்' நீளமானது, இரண்டு தட்டு. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒருமுறை கிரான்மூன் லேலேயின் 1993ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டால், வாரோ எந்த முற்றத்திலிருந்து வந்தார் என்பது விளங்கும். ரியூனியன் கிரியோல் நம் கிரியோலிலிருந்து வேறுபட்டது என்றாலும், கூர்ந்து கேட்டால் பாதிக்கு மேல் நமக்குப் புரிந்துவிடும். புரியாத சொற்களுக்கு சேன்-தெனியில் உறவினர் உள்ள வாசகர்கள் அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.